கணக்கில் வந்த மாமனார்

தாராவியில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் என் மாமனார் உட்கார்ந்திருப்பார்.

கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அப்பிராணி. தோல் கிடங்கில் உப்புக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் காலத்தைக் கழித்து, நெஞ்சு கெட்டுப்போய், வேலையை விட்டுவிட்டு வந்தவர். உள்ளே உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். அடுப்புப் புகையும் அதே அறையில், படுக்கையும் அதே அறையில், நாலு பேரும் அதே அறையில். அதனால் விடிந்ததும் முக்காலியைத் தூக்கி நிலைப்படிக்குள் போட்டுக்கொண்டு வெளியே பார்த்து உட்காருவார். அவர் உட்கார்ந்துவிட்டால் ஒரு பூனை நுழைய இடம் இருக்காது.

நான் வெளியே போக வேண்டுமானால் அவர் எழுந்திருக்க வேண்டும். மருமகள் மாமனாரிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. குடத்தை லேசாகத் தரையில் தட்டுவேன். அவர் புரிந்துகொண்டு எழுந்திருப்பார். எழுந்ததும் இருமல் பிடித்துக்கொள்ளும். கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, கண்ணில் தண்ணீர் வர இருமுவார். நான் குடத்தோடு அவருக்குப் பின்னால் குற்றவாளி போல நிற்பேன்.

“ஏட்டி, அவியள எத்தனை தரம் எந்திரிக்க வைப்பே? எல்லாத்தையும் ஒரே போக்கா முடிச்சிட்டு வரப்படாதா?” என்று அத்தை உள்ளேயிருந்து கேட்பார். கேட்பது நியாயம்தான். அதனால்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அநியாயமாகக் கேட்டிருந்தால் எதிர்த்துப் பேசியாவது மனசு ஆறியிருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த அறைக்குள்ளேயே கிடந்தேன். தகரக் கூரை வெயிலில் சுடும், மழையில் தடதடக்கும். அவருடைய தோளுக்கு மேல் ஒரு கை அகலத்துக்குத் தெரு தெரியும். பம்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள் என்று ஊரில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும், நான் பார்த்த பம்பாயை.

இந்த நிலையில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். அவருக்குப் பாதி நாள் வேலை இல்லாமல் போனது. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர் தேவைப்படுகிறது, எஸ்.எஸ்.எல்.சி. போதும் என்று யாரோ சொன்னதை வந்து சொன்னார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தச் சந்தில் அதைப் படித்த பெண் நான் ஒருத்திதான். படித்ததற்கு அதுவரை கிடைத்த பலன், ஊரிலிருந்து வருகிற கடிதங்களை எல்லாருக்கும் படித்துக் காட்டுவது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மனசால் அந்த வாசலைத் தாண்டிவிட்டேன்.

அத்தைக்குச் சம்மதமில்லை. “இவ ஸ்கூலுக்குப் போயிட்டா வீட்டை யாரு பாப்பா? அவியளுக்கு நேரத்துக்குக் கஞ்சி யாரு குடுப்பா?” என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தார். மாமனார் வாசலைப் பார்த்தபடியே, “போயித்தான் பாக்கட்டுமே” என்றார். அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்தது. அத்தை அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை.

விண்ணப்பம் போட்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், ‘வேலையும் நேரமும்’ என்ற பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கரும்பலகையில் படிப்படியாக, வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அது என்ன பெரிய விஷயம் என்று இருந்தேன். பக்கத்துச் சந்துப் பிள்ளை ஒன்றிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அந்தப் பாடத்தைப் பிரித்தேன். பிரித்ததும் பகீரென்றது.

அந்தப் பாடத்தில் எல்லாக் கணக்குக்கும் இரண்டே ஆட்கள். இரண்டு பேரும் சேர்ந்து சுவர் கட்டுவார்கள், வயல் அறுப்பார்கள், கிணறு தோண்டுவார்கள். முதல் ஆளின் பெயரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது ஆளின் பெயர் என் மாமனாரின் பெயர்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்களுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் ஒரு பெண் வாயால் சொன்னால் அவர்களுடைய ஆயுசு குறையும். அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கார்டு விஷயமாக ஓர் ஆள் வந்து வீட்டுத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டபோது, என் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சந்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறு பிள்ளையைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைக்கும் பழக்கம்தான். ஓடிவந்து பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடியது. எங்கள் சந்தில் பெண்களுக்கெல்லாம் அப்படித்தான் நடந்தது. அத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனுஷனின் பெயரை அத்தை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதிலும் என் மாமனார் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர். அவர் ஆயுசில் கை வைக்க எவளுக்குத் தைரியம் வரும்?

சரி, பெயர் இல்லாமலே செய்து பழகுவோம் என்று தொடங்கினேன். எங்கள் கறுப்பு டிரங்குப் பெட்டியைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் அதன் மூடி நல்ல கரும்பலகை. பக்கத்துத் தையல் கடையில் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளைக் குப்பையில் போடுவார்கள். அதை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, எதிரில் பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சொல்லுவேன்.

முழு வேலையையும் ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் முதல் படி. முதல் ஆள் தனியாகப் பத்து நாளில் முடிப்பான். அப்படியானால் ஒரு நாளில் செய்வது பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது ஆள் தனியாகப் பதினைந்து நாளில் முடிப்பான். ஒரு நாளில் செய்வது பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்ட வேண்டும். கீழே இருக்கிற எண்கள் வேறு வேறாக இருப்பதால் அப்படியே கூட்ட முடியாது, இரண்டையும் முப்பதுக்குக் கொண்டுபோக வேண்டும். முப்பதில் மூன்று, முப்பதில் இரண்டு, ஆக முப்பதில் ஐந்து. சுருக்கினால் ஆறில் ஒரு பங்கு. ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு முடிகிறது என்றால் முழு வேலையும் முடிய ஆறு நாள்.

முதல் படியைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். வேலையை ஒன்று என்று வைத்துக்கொள்ளவாம்! எந்த வீட்டில் வேலை ஒன்று என்று இருக்கிறது, எந்த வீட்டில் அது முடிகிறது? விளக்கின பாத்திரம் சாயங்காலம் மறுபடி கரியோடு நிற்கும். இந்தக் கணக்கை எழுதினவர் ஒரு நாளாவது ஒரு குடம் தண்ணீர் பிடித்திருக்க மாட்டார்.

இரண்டாவது ஆளுக்கு நான் வைத்த பெயர் ‘அவிய’. எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய ஆண்பிள்ளையை அப்படித்தான் சொல்வோம். “முதல் ஆள் பத்து நாள்ல முடிப்பான். அவிய பதினஞ்சு நாள்ல முடிப்பாவ” என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

“யாரு பதினஞ்சு நாள்ல முடிப்பா?”

“அவிய, அத்தே. கணக்குல வாரவிய.”

அத்தை எழுந்து வந்து புத்தகத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனால் புருஷன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று ரேஷன் கார்டில் பார்த்துப் பழக்கம். விரலை அதன்மேல் வைத்தார்.

“எவனோ ஒருத்தன் பத்து நாள்ல முடிக்கானாம், அவியளுக்குப் பதினஞ்சு நாளு ஆவுதாமா? அவிய கிடங்குல வேலை பாக்கும்போது ரெண்டு ஆளு வேலையை ஒத்தையில பாப்பாவ, தெரியுமாட்டி உனக்கு? இன்னைக்கு உக்காந்திருக்காவன்னு சோம்பேறிங்கியா?”

“அத்தே, இது நான் எழுதின கணக்கு இல்ல.”

“எவன் எழுதினா என்ன? நீதான வாயால சொல்லுதே!”

வாசலில் மாமனாரின் தோள் குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஒரு பக்கம் தலையை அந்தப் பெட்டியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கணக்குச் செய்யக்கூட அந்த வீட்டில் எனக்கு இடமில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

வேறு வழி தெரியாமல் ஆட்களை மாற்றினேன். மாமனாருக்குப் பத்து நாள், மற்றவனுக்குப் பதினைந்து நாள். விடை மாறாது. யாருக்கு எது என்று இருந்தாலும் கூட்டினால் அதே ஆறில் ஒரு பங்குதான். அன்றிலிருந்து எந்தக் கணக்கை எடுத்தாலும் சின்ன எண் மாமனாருக்கு, பெரிய எண் மற்றவனுக்கு. எப்போது பார்த்தாலும் மாமனார்தான் சுறுசுறுப்பு. அத்தை அதற்குப் பிறகு கோபிக்கவில்லை. ஒருநாள், “இன்னைக்கு அவியளுக்கு எத்தனை நாளு?” என்றுகூட விசாரித்தார். எனக்கும் அதுவே கையில் ஊறிப்போனது.

பாடம் நடத்திக் காட்டும் நாளில் மழை கொட்டியது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கென்று மில்லில் வேலை இருந்தது. தனியாக அனுப்ப அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மாமனாரே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். வழியில் இருந்த ரயில் பாலத்துப் படியில் நின்று நின்றுதான் ஏறினார். அவர் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இந்த வேலை கிடைக்காமல் போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட வராந்தாவெல்லாம் சாரல். துணைக்கு வந்தவர்கள் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்காரலாம் என்றார்கள். மாமனார் குடையை மடக்கி, காலுக்கடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மடிப்புக் கலையாத வேட்டி, மூக்குக்கண்ணாடி. புத்தகத்தைப் பிரித்து ஒரு கணக்கில் விரலை வைத்தார். “இதைச் சொல்லிக்கொடுங்கோம்மா, பார்க்கலாம்.”

அதே இரண்டு ஆட்கள். முதல் ஆளுக்கு ஆறு நாள், இரண்டாவது ஆளுக்குப் பன்னிரண்டு நாள். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்?

இரண்டு பெயரையும் பலகையில் எழுதினேன். எழுதுவதில் தோஷம் இல்லை, சொல்லுவதில்தான். கடைசி பெஞ்சைப் பார்க்காமல் எண்களை எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

“டீச்சர், தப்பு. மாத்திப் போட்டுட்டீங்க.”

திரும்பிப் பார்த்தேன். மாமனாருக்கு ஆறு, மற்றவனுக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன். கை பழகின பழக்கம்! பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

“எப்படிப் போட்டாலும் விடை ஒண்ணுதான் சார்” என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“விடை ஒண்ணுதான். ஆனா கணக்கை ஒழுங்காப் படிக்கத் தெரியாதவர் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமோ?” என்றார் தலைமையாசிரியர். “அழிச்சுட்டு, முதல்லேர்ந்து வாயால சொல்லிண்டே பண்ணுங்கோ.”

அழித்தேன். “முழு வேலையையும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் ஆறு நாளில் முடிப்பான். ஆகவே ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு. அவர் பன்னிரண்டு நாளில் முடிப்பார்...”

“எவர்?” என்றார் தலைமையாசிரியர்.

சாக்பீஸால் பெயரைத் தொட்டுக் காட்டி, “இது யாரு, பிள்ளைகளே?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் மாமனார் பெயரைக் கூவியது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த படிக்கும் அதையே செய்தேன். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாத்தையும் குழந்தைகளே சொன்னா நீங்க எதுக்கும்மா? உங்க வாய்லேர்ந்து வரணும். அவர் ஒரு நாளில் செய்யற வேலை எவ்வளவு? யாருன்னு சொல்லிச் சொல்லுங்கோ.”

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மறுபடியும் திறந்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கரகரத்த குரல் அந்தப் பெயரைச் சொன்னது. என் மாமனார், தம் பெயரைத் தாமே சொன்னார். ரேஷன் ஆளுக்குச் சந்துப் பிள்ளை சொன்னதுபோல, ஒரு உதவிக்காக, எழுந்து நின்று சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பெரியவரே, நீங்க சொல்லிக்கொடுக்கப்படாது. தயவுசெய்து வெளியில இருங்கோ” என்றார் தலைமையாசிரியர். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. மாமனார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினார்கள்.

ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். வராந்தா தூணில் சாய்ந்து நின்றார். சாரல் அவர் முழங்கால்வரை அடித்தது. இருமத் தொடங்கினார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. நான் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த ஈரத்தில் நின்று நின்றே அவருக்கு ஏதாவது ஆகிவிடும். இந்தப் பக்கம் போனாலும் அடைப்பு, அந்தப் பக்கம் போனாலும் அடைப்பு. என்னை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் எல்லார் மேலும் எனக்குக் கோபம் வந்தது. பெயர் சொல்லாதே என்று வளர்த்த என் அம்மாமேல், புத்தகம் எழுதியவர்மேல், தலைமையாசிரியர்மேல், மழைமேல். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத அந்த மனுஷன்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

சொன்னேன். கோபத்தில் சொன்னதால் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் பெயரைச் சொல்லி, அவர் பன்னிரண்டு நாளில் முடிப்பார் என்றேன். திரும்பவும் பெயரைச் சொல்லி, ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றேன். அந்தக் கணக்கு பொல்லாத கணக்கு. ஒவ்வொரு படியிலும் அந்த ஆள் வருவான். ஆறில் ஒன்று என்றால் பன்னிரண்டில் இரண்டு. அதோடு இவருடைய ஒன்றைக் கூட்டினால் பன்னிரண்டில் மூன்று. சுருக்கினால் நாலில் ஒரு பங்கு. இரண்டு பேரும் சேர்ந்து நாலு நாளில் முடிப்பார்கள் என்று இரண்டு பெயரையும் முழுசாகச் சொல்லி முடித்தேன்.

முடித்த பிறகுதான் கவனித்தேன். வெளியே இருமல் நின்றிருந்தது. சாக்பீஸை அப்படியே வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். மாமனார் தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, நின்றுகொண்டிருந்தார். என் வளையல் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

“முடிஞ்சுட்டா?” என்றார்.

திரும்பி நடக்கும்போதும் அவர் முன்னால், நான் பின்னால். பாலத்துப் படியில் மூச்சு வாங்க நின்றார். முன்னால் பார்த்தபடியே, “நாலு நாளா?” என்றார்.

“ஆமா மாமா.”

“சரியாத்தான் வந்திருக்கு.” இரண்டு படி ஏறியதும், “வீட்டுல உங்க அத்தைகிட்ட எதையும் சொல்லிக்கிடாதே. அவ மனசு கெட்டுப்போவா” என்றார். என்னிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவருக்கு இருமல் கூடிப்போனது. காய்ச்சலும் வந்தது. மழையில் நனைந்ததால் என்று எல்லாரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு இருமலையும் என் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை எத்தனை தடவை சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. முன்பெல்லாம் வாசல் மட்டும்தான் அடைத்திருந்தது. இப்போது நெஞ்சும் அடைத்துக்கொண்டது. வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, இந்த மனுஷன் பிழைத்துக் கிடந்தால் போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷமே, வேலைக் கடிதத்தோடு தபால்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று தோன்றும். என் புத்தியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

காய்ச்சல் விட்டு அவர் தட்டுத் தடுமாறி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலையில் மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குத் தனியாகப் போனார். வாசல் காலியாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு, சந்துப் பெண்கள் எல்லாரோடும் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சந்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருந்தார், வீட்டில் அத்தை மட்டும்.

வரிசையில் எனக்கு முன்னால் கொஞ்சம் பேர் இருக்கும்போது தபால்காரர் எங்கள் சந்துக்குள் திரும்புவதைப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. விண்ணப்பத்தில் விலாசம் எழுதும்போது மாமனார் பெயரைப் போட்டு, அவர் வீடு என்றுதான் போட்டிருந்தோம். எங்கள் சந்தில் வீட்டுக்கு நம்பர் கிடையாது. அந்தத் தபால்காரர் மராட்டிக்காரர், கறார் பேர்வழி. பெயர் கேட்டு, வீட்டு ஆள் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் தபாலைக் கொடுப்பார். இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்.

குடத்தை விட்டு ஓடினால் வரிசை போய்விடும், தண்ணீரும் போய்விடும். நின்றால் கடிதம் போய்விடும். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் யாரோ திட்டினார்கள். சந்து முழுக்க ஈரம், வழுக்கல். திருப்பத்துக்கு வருவதற்குள் தபால்காரரின் குரல் கேட்டது.

“கிஸ்கா கர் ஹை? ஆத்மி கா நாம் போலோ!”

யார் வீடு, வீட்டு ஆம்பிளை பெயரைச் சொல் என்கிறார். அத்தைக்கு இந்தி அவ்வளவாக வராது. ஆனால் ‘நாம்’ என்றால் பெயர் என்று பம்பாய்க்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அத்தை வழக்கம்போல வாயைப் பொத்தியிருப்பார், சந்தில் பிள்ளைகளைத் தேடியிருப்பார். ஒரு பிள்ளையும் இல்லை.

“நாம் நஹி, தோ சிட்டி வாபஸ்” என்றார் தபால்காரர். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும் என்று பொருள்.

நான் திருப்பத்தில் கால் வைத்தபோது அத்தையின் குரல் கேட்டது. மாமனாரின் பெயர். முதல் தடவை திக்கித் திணறி வந்தது. தபால்காரருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது, “க்யா?” என்றார். இரண்டாவது தடவை, சண்டைக்குப் போகிறவள் போல, தொண்டை கிழிய, அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார் அத்தை. சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கடிதம். முந்தானை வாயில். கண் இரண்டும் நனைந்திருந்தன.

“கூப்பிட்டுட்டாவளாட்டி உன்னை? படி” என்றார். பிரித்துப் படித்தேன். மறுநாளிலிருந்தே வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. என்னால் வாய்விட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவியகிட்ட நான் பேரு சொன்னதைச் சொல்லிராதே, என்ன? ஒத்தையில வேற போயிருக்காவ. இன்னும் காணலையே.”

நானும் சொன்னேன் அத்தே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாதே என்று மாமா சொல்லியிருந்தார். விழுங்கிக்கொண்டேன். ஆளுக்கொரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் உட்காராத வாசலைப் பார்க்க எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. எத்தனை மாதம் அது காலியாக வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன்!

வெயில் ஏறின பிறகு சந்துக் கோடியில் அந்த இருமல் கேட்டது. அத்தை என் கையை விட்டார். மருந்துப் புட்டியோடு மாமனார் வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, “என்ன, ரெண்டு பேரும் இப்படிப் பாக்கிய?” என்றார். பிறகு எப்போதும்போல முக்காலியை இழுத்து நிலைப்படிக்குள் போட்டார்.

அத்தை எழுந்து போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் தள்ளி அந்தச் சுவரோரமா போட்டு உக்காருங்க. வழியை மறிக்காதிய. நாளையிலேர்ந்து அவ தெனமும் போவணும்லா.”